முதுகில் அச்சடித்த நன்றி

1

நோர்வேயின் பேர்கனில் மழை பெய்கிறது என்று எழுதினால் ஊரில் நீங்கள் யாரும் அதைச் செய்தியாக எடுக்கமாட்டீர்கள். இங்கேயும் யாரும் எடுப்பதில்லை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என்னை ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள்.

மகள் துளசி அந்தக் கல்லூரியில் வரைகலை வடிவமைப்புப் படிக்கிறாள், கடைசி வருடம். படிப்பு முடிந்து வெளியே போகிற பிள்ளைகளுக்குத் தொழிலில் என்னென்ன திறன்கள் தேவைப்படும் என்று, தொழில் செய்கிற ஆட்களைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேச வைப்பது அங்கே வழக்கம். பெரும்பாலும் விளம்பர நிறுவனங்களில் இருந்துதான் வருவார்களாம், கறுப்புச் சட்டையும் வட்டக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. நான் மீன் பெட்டிகளுக்கு லேபல் வடிவமைக்கிறவள். சால்மன் மீனின் படம், அதன் எடை, எந்தப் பண்ணையில் வளர்ந்தது, எத்தனை பாகை குளிரில் வைக்க வேண்டும்: இருபது வருடமாக இதுதான் என் கலை. துளசியின் விரிவுரையாளர் கதைவாக்கில் என் வேலையைக் கேள்விப்பட்டு, இந்த முறை கொஞ்சம் வித்தியாசமாக இருக்கட்டும் என்று அழைப்பு அனுப்பிவிட்டார்.

மகளுக்கு அது துப்புரவாகப் பிடிக்கவில்லை. என் நோர்வேஜிய மொழியை அவள் மீன் பக்டரி நோர்வேஜியம் என்பாள். வந்த புதிதில் மீன் வெட்டுகிற இடத்தில், இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய மொழி அது. அதில் மெதுவாக ஒரு சொல் சொல்ல இன்றைக்கும் எனக்கு வராது. ஸ்லைட் செய்துகொண்டு போய் அதை அப்படியே வாசித்துவிட்டு வரச் சொன்னாள். பிறகு தமிழில், "அம்மா, கதை மட்டும் சொல்லாதீங்க" என்றாள். அவள் என்னோடு தமிழில் கதைப்பது பசிக்கும்போதும் கோபம் வரும்போதும்தான். அன்றைக்கு அவளுக்குப் பசியில்லை.

கல்லூரி ஒரு படிவமும் அனுப்பியது. பெயர், வேலை, கல்வித் தகைமை. இந்த மூன்றாவது கட்டத்தைக் கண்டாலே எனக்குச் சிரிப்பு வரும். கொழும்பில் மூன்று வருடம் வரைகலை படித்து வாங்கிய என் டிப்ளோமாவை, இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடமே மதிப்பிட அனுப்பினேன். முத்திரை தெளிவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. பாடத்திட்டத்தின் மூலப் பிரதி வேண்டும் என்று இன்னொன்று. பாடத்திட்டம் படிப்பித்தவர்களிடமே இருக்கவில்லை என்று நான் எழுதிய பதிலுக்கு ஒரு வருடம் சத்தமே இல்லை. கடைசியில் என் மூன்று வருடப் படிப்பு இங்கத்தைய மேல்நிலைப் பள்ளியின் முதலாம் வருடத்துக்குச் சமம் என்று தீர்ப்பு வந்தது. ஆகவே நான் அந்தக் கட்டத்தில் இப்படி நிரப்பினேன்: மேல்நிலைப் பள்ளி முதலாம் வருடம், படித்து முடிக்க மூன்று வருடம் எடுத்தது.

2

எதைப் பற்றிப் பேசலாம் என்று ஐந்து தலைப்புகளையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். எது பெரிது எது சிறிது என்று எழுத்துகளை ஒழுங்குபடுத்துதல், வாடிக்கையாளரோடு பேசுதல், வெற்றிடத்தைப் பயன்படுத்துதல், பொருள்களைப் பற்றிய அறிவு, செய்த வேலைக்குப் பொறுப்பேற்றல். வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். இந்த ஐந்தும் ஒரே ஒரு கோயில் நோட்டீசுக்குள் எனக்கு வந்து விழுந்தவை.

முப்பது வருடத்துக்கு முன்னால், மட்டக்களப்புப் பக்கம் செங்கலடிச் சந்தியில் தங்கராசா அண்ணனின் அச்சகத்தில் வேலை செய்தேன். கொழும்பில் தமிழ்ப் பெட்டைக்கு அறை தர ஆளில்லாமல் போனதால், டிப்ளோமாவையும் துணித்திரை அச்சுச் சட்டம் ஒன்றையும் பஸ்ஸில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவள் நான். அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர். அச்சு இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். ஆனால் அடிமட்டம் வைத்தும் ஒரு நேர்கோடு கீற அவருக்கு வராது. அந்தக் குறை அவருக்கும் தெரியும். அதனாலேயே என்னை மற்றவர்களுக்கு முன்னால் 'டிப்ளோமா' என்று பகிடியாகக் கூப்பிடுவார்.

சண்டைக் காலம் அது, வாவிக்கு அந்தக் கரையில் போராளி இயக்கம், இந்தக் கரையில் ஆமி. எங்கள் அச்சகம் இந்தக் கரையில் இருந்தது. கலியாணக் கார்ட் தவிர எதை அச்சடித்தாலும் முதலில் ஆமி முகாமுக்குக் கொண்டுபோய்க் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து இருக்கிற நோட்டீஸ் அந்தக் கரைக்குப் போனால் அங்கேயும் ஆட்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எங்கள் நோட்டீஸ்களுக்கு இருந்த வாசகர் வட்டம் பெரியது.

அந்த வருடம் எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாச் செய்ய முகாம் அனுமதி கொடுத்தது. சில வருடங்களாக நின்றுபோன திருவிழா. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர், ஏழு குடிகளின் பெயரையும் எழுதிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். மட்டக்களப்புக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்குக் குடி என்பது தாய் வழியாக வருவது. ஒவ்வொரு குடிக்கும் கோயிலில் ஒரு நாள் திருவிழா, ஒரு உரிமை, ஒரு இடம். எந்தக் குடிக்கு எந்த இடம் என்பதில் ஊர் விட்டுக்கொடாது. உண்மைப் பெயர்களை எழுதினால் இன்றைக்கும் எனக்கு வழக்கு வரும். ஆகவே முக்கியமான இரண்டைத் தென்னங்குடி, பனங்குடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பட்டியலைப் பார்த்தேன். பனங்குடியின் உண்மைப் பெயர் நீளமானது, வரிக்குள் அடங்கவில்லை. கொழும்பில் படிப்பித்தபடி, பார்வைக்கு அழகாக வரட்டும் என்று அந்தப் பெயரின் எழுத்தை மட்டும் கொஞ்சம் சிறிதாக்கினேன். ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இந்தப் பிழையை விட்டிருக்கக் கூடாது. படித்த திமிர் கண்ணை மறைத்துவிட்டது.

மாதிரிப் பிரதி வண்ணக்கர் கையில் போய் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, பனங்குடிப் பெரியவர்கள் இரண்டு பேர் அடிமட்டத்தோடு அச்சகத்துக்குள் வந்தார்கள். மேசையில் தாளை விரித்து, எழுத்து எழுத்தாக அளந்தார்கள். தென்னங்குடியின் எழுத்து அரை அங்குலம். தங்களுடையது அதைவிட ஒரு நூல் குறைவு. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "எழுத்தக் குறைச்சா எங்கட இடத்தையும் குறைச்ச மாதிரித்தான் புள்ள. நாங்க இந்தத் திருவிழாக்கு வரமாட்டம்" என்றார்.

எழுத்தைப் பெரிதாக்கித் தருகிறேன் என்றேன். அதற்குள் தென்னங்குடிக்காரர் வந்து, பெரிதாக்கினால் தாங்கள் வரமாட்டோம் என்றார்கள். யார் பெயர் முதலில் என்ற பேச்சும் எழும்பியது. வண்ணக்கர் வாங்குப் பலகையில் குந்தித் தலையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை குழம்பினால் முகாம் இனி அனுமதி தராது என்று அவருக்குத் தெரியும். தங்கராசா அண்ணன் மட்டும் மிக அமைதியாக, டிப்ளோமாவில் இதற்கு ஒரு வழியும் சொல்லித் தரவில்லையா என்று என்னைக் கேட்டார்.

ரோசம் வந்து அன்று பின்னேரமே செய்து முடித்தேன். ஏழு பெயர்களையும், ஒரே அளவு எழுத்தில், வண்டிச் சக்கரத்துக் கம்பிகள்போல வட்டமாகக் கீறினேன். கோயில் பெயரை வெளிவட்டத்தில் சுற்றி எழுதினேன். நடுவில் ஒரு தேங்காய் அளவு வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் எனக்குப் பெருமை. முதலும் இல்லை, கடைசியும் இல்லை என்று விளக்கினேன். பனங்குடிப் பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, மேலே இருப்பது தென்னங்குடிதானே என்றார். தாளைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். திருப்பினார். மேலே பனங்குடி வந்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் அடிமட்டத்தை மடியில் செருகிக்கொண்டு எழும்பினார்.

3

முகாமில் நோட்டீஸ் பார்க்கிற அதிகாரி இளம் ஆள், நன்றாக ஆங்கிலம் பேசுவார். அண்ணனும் நானும் போனோம். அவர் வட்டத்தைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அழகாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னார். பிறகு பேனாவை நடு வெள்ளையில் வைத்து, இந்த இடம் சும்மாதானே கிடக்கிறது என்றார். திருவிழாவுக்கு அனுமதி தந்த முகாமுக்கு நன்றி என்று சிங்களத்திலும் தமிழிலும் அதில் பெரிதாகப் போட வேண்டுமாம். எல்லாத் தாளிலும், சரியாக நடுவில்.

அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அது தாளைவிட வெளிறிப்போய் இருந்தது. ஆமிக்கு நன்றி சொன்ன அச்சகக்காரனை அந்தக் கரையில் என்ன செய்வார்கள் என்பதை யாரும் அவருக்கு விளக்கத் தேவையில்லை. வரியைப் போட்டால் அவருடைய உயிருக்கு உத்தரவாதமில்லை. போடாவிட்டால் திருவிழா இல்லை, ஏன் போடவில்லை என்ற விசாரணை மட்டும் இருக்கும்.

எனக்கு அந்த வயதில் பயத்தைவிட மூளைக்கொழுப்பு அதிகம். முன்பக்கம் ஏழு பெயரும் நெருக்கமாக இருக்கின்றன சேர், நன்றி அதற்குள் எடுபடாது, பின்பக்கம் முழுவதையும் அதற்கே தருகிறேன், நடுவில், பெரிய எழுத்தில், என்று சொன்னேன். அதிகாரி யோசித்தார். பின்பக்கம் முழுவதும் என்பது அவருக்குப் பிடித்துப்போனது. மறுநாள் அச்சடித்த நோட்டீஸ் கட்டைக் கொண்டுபோனோம். அவர் நாலைந்து தாளை உருவி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கையெழுத்து வைத்தார். சுவரில் ஒட்டுகிற நோட்டீசின் பின்பக்கத்தைப் பல்லிகூடப் பார்க்காது என்பது அவருக்கு விளங்கியதா, விளங்கியும் விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வரும் வழியில் அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு வீதியில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். கோதுமைமாப் பசை காய்ச்சி, நாலு மூலையில் மட்டும் தடவி ஊர் முழுக்க ஒட்டினார்கள். அந்தந்தக் குடி தன் பெயர் மேலே வருகிறபடி ஒட்டியதால், ஒரே நோட்டீஸ் ஒரு மதிலில் நேராகவும் அடுத்த மதிலில் தலைகீழாகவும் தபால் கந்தோர்ச் சுவரில் பக்கவாட்டிலும் இருந்தது. ஊருக்குள் சைக்கிளில் போனவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டு போனார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான் என்று நினைத்தேன். ஒரு நாள் முழுக்க நினைத்தேன்.

4

கச்சான் காற்று வீசுகிற காலத்தில் எங்கள் பக்கம் மழை வராது. அடுத்த நாள் காலையே அது வந்தது. அரை மணித்தியாலம், நல்ல மழை.

அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது மெல்லிய பத்திரிகைத் தாள். காய்ந்த தாளை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தேன், பின்பக்க எழுத்து கண்ணில் படவில்லை. நனைந்த தாள் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. கொழும்பில் எங்களுக்குத் தடித்த வெள்ளை மட்டை தந்து படிப்பித்தார்கள். அது எந்த மழைக்கும் அசையாது.

மழை விட்டதும் வண்ணக்கர் சவரம் செய்யச் சலூனுக்குப் போயிருக்கிறார். சலூன் வாசலுக்கு எதிரே ஒரு மதில், அதில் எங்கள் நோட்டீஸ். சலூன்காரர் அவர் முகத்தில் நுரை போட்டுக் கத்தியை வைத்த நேரம், வண்ணக்கர் முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் ஏழு குடிகளின் பெயரும் இடம் வலம் மாறித் தெரிந்தன. நடு வெள்ளையில் மட்டும், தாளின் முதுகில் இருந்த எழுத்து ஈரத்தில் ஊடாகத் தெரிந்து, கண்ணாடியில் நேராகி, எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிற மாதிரி நின்றது: முகாமுக்கு எமது மனமார்ந்த நன்றி. வண்ணக்கர் துள்ளியதில் கன்னத்தில் வெட்டு விழுந்தது.

அவர் அரைவாசி முகத்தில் நுரையோடு அச்சகத்துக்கு ஓடி வந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "புள்ள, உன்ட நோட்டீசு கண்ணாடிக்குள்ள வேற கத சொல்லுது."

கிழித்துவிடலாம் என்றால், கையெழுத்து வைத்த நோட்டீசை ஏன் கிழித்தாய் என்று முகாம் கேட்கும். வழி கண்டுபிடித்தது நான் இல்லை, பனங்குடிப் பெண்கள். கோயிலுக்கு அரைத்து வைத்திருந்த சந்தனத்தை வாளியில் அள்ளிக்கொண்டு, ஒவ்வொரு நோட்டீசின் நடுவிலும் உள்ளங்கை அளவு பொட்டு வைத்துக்கொண்டு போனார்கள். தென்னங்குடிப் பெண்கள் இன்னொரு வாளியோடு மற்றத் தெருவில் இறங்கினார்கள். ஒருவர் பொட்டு மற்றவர் பொட்டைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது என்பதில் இரண்டு பகுதியும் கவனமாக இருந்ததால், மத்தியானத்துக்குள் எந்த நோட்டீசிலும் என் வெற்றிடம் மிஞ்சவில்லை. முகாமில் இருந்து வந்து பார்த்தவர்கள் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் மழையோடு மழையாக ஒரு தாளை யாரோ உரித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, அந்தக் கரையில் இருந்து மீன் கொண்டுவருகிற ஒருவர் அச்சக மேசையில் ஒரு துண்டுக் கடதாசியை வைத்துவிட்டுப் போனார். அண்ணனுக்கு முன்னால் நான்தான் அதை எடுத்து வாசித்தேன். கோயில் நோட்டீசைக் கீறியவர் உடனே வரவும் என்று இருந்தது. கீறியவர். அச்சடித்தவர் என்று இல்லை.

அண்ணன் என் கையில் இருந்து துண்டை வாங்கி வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். உள்ளே போய் மைக்கறை இல்லாத சட்டை ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தார். அச்சடிக்கிற ரெடில் மிசினுக்கு எண்ணெய் விடு, நான் அங்கால ஒருக்காப் போயிட்டு வாறன் என்று, சந்தைக்குப் போகிறவர் மாதிரிச் சொன்னார். நான்தான் கீறினேன், நான் போகிறேன் என்று ஒரு வசனம் வாய்க்குள் இருந்தது. பயத்தில் அது வெளியே வரவில்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைப்பக்கம் திரும்பும்வரை எண்ணெய்ப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாலாம் நாள் தோணியில் திரும்பி வந்தார். விசாரித்தார்கள், விளக்கினேன், விட்டார்கள், அவ்வளவுதான் என்றார். தோணியில் சறுக்கி விழுந்ததாகச் சொல்லி ஒரு மாதம் நொண்டி நொண்டித் திரிந்தார். திருவிழா நடந்தது, ஏழு குடியும் வந்தது. வட்டமும் முதுகு அச்சும் தன் மூளை என்று ஊருக்குள் அண்ணன் பெருமையடித்தார். நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது எனக்கு மிக வசதியாக இருந்தது. அடுத்த வருடம் கலியாணம் முடிந்து இங்கே வந்துவிட்டேன்.

5

கல்லூரியில் மகள் சொன்ன ஸ்லைடையும் போட்டேன், சொல்லக் கூடாது என்ற கதையையும் சொன்னேன். மீன் பக்டரி நோர்வேஜியத்தில் சொன்னபோது அது இன்னும் பகிடியாக இருந்தது. சலூன் கண்ணாடிக் கட்டத்துக்கு ஒரு பையன் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்து சரிந்தான். நேர்கோடு கீறத் தெரியாத முதலாளி, வடிவமைப்பாளராக நடிக்கப் போன இடத்துக்கும் நன்றாகச் சிரித்தார்கள். கடைசி ஸ்லைட் பொறுப்பேற்றல். வடிவமைப்பாளர் எவரும் தன் வேலைக்குத் தானே முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று குரலை உயர்த்தி முடித்தேன். கைதட்டினார்கள்.

கேள்விகள் உண்டா என்று விரிவுரையாளர் கேட்க, பின்வரிசையில் துளசி கையை உயர்த்தினாள். தெரியாத ஒருத்தியிடம் கேட்பதுபோல, சுத்தமான நோர்வேஜியத்தில் கேட்டாள். அந்தத் துண்டில் கீறியவர் வரவும் என்றுதானே எழுதியிருந்தது, அப்படியானால் நீங்கள் ஏன் போகவில்லை?

எனக்குத் தந்த பத்து நிமிடம் முடிந்துவிட்டது என்றேன். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே என் தொலைபேசியை எடுத்து வந்து, அந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றாள். தங்கராசா அண்ணன் இப்போதும் செங்கலடியில்தான் இருக்கிறார். திரையில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. கல்லூரிக் கதையைக் கேட்டு, கண்ணாடிக் கட்டத்தில் வண்ணக்கரின் கன்னத்தை மறக்காமல் சொன்னேனா என்று விசாரித்தார். மகள் பக்கத்தில் இருந்து என் முழங்கையை இடித்தாள். அண்ணே, அந்தத் துண்டு எனக்கு வந்தது, நான் வாய் திறக்காமல் நின்றுவிட்டேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தொலைபேசியைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தார், முகம் தெரிந்தது. "அவனுகளும் நம்பல்ல புள்ள. நீ கீறினதெண்டா எங்களுக்கு முன்னால ஒரு வட்டம் கீறிக் காட்டு எண்டு பேப்பரத் தந்தானுகள். கீறினன். இது நீ இல்ல, ஆரெண்டு சொல்லு எண்டானுகள். மறுகா கீறினன். நாலு நாளும் இதே வேலதான்." பிறகு சிரித்துக்கொண்டு, "கடைசி நாள் கொஞ்சம் வட்டமா வந்த" என்றார்.

"அடிச்சாங்களா மாமா?" என்று துளசி தமிழில் கேட்டாள்.

அவர், பிள்ளை நல்லாத் தமிழ் கதைக்குது என்று என்னைப் பாராட்டிவிட்டு, வயல் வட்டையில் அறுவடை நடக்கிறது, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று தொலைபேசியை வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மகளுக்கு முன்னால் அழுதேன். முப்பது வருடமாக நான் பகிடியாகச் சொல்லித் திரிந்த நொண்டல் அது.

இந்தக் கிழமை விரிவுரையாளர் கடிதம் எழுதியிருந்தார், என் ஸ்லைட்களை அடுத்த வருடப் பிள்ளைகளுக்காக எடுத்து வைக்கப்போகிறாராம். நாலு ஸ்லைடை அனுப்பினேன். ஐந்தாவது எங்கே என்று கேட்டார். அது என்னிடம் இல்லாத திறன், அதைப் பற்றிப் பேசச் செங்கலடியில் இருந்து ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்று பதில் எழுதினேன். அவருக்கு வட்டம் கீற வராது என்பதையும் சேர்த்து எழுதினேன்.